ஒரு ரூபாய் சந்தா: சிகாகோ, டெட்ராய்ட், ஃபிளின்ட் பயணக் குறிப்புகள்

முதல் நாள், சிகாகோ

தூக்கம் இன்னும் இந்த ஊர்க் கடிகாரத்துக்குப் பழகவில்லை. இரவு 2 மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. அடுப்படிக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் மகளின் குடியுரிமை விண்ணப்பம் கிடந்தது. என்-400 என்று பெயர். அரசாங்கக் காகிதம் என்றால் கடைசி வரி வரை படித்துவிடுவேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம், அதில் பாதிக்கு மேல் சங்க வேலை. சார்ஜ் ஷீட்டுக்குப் பதில் எழுதி எழுதி வந்த பழக்கம்.

நடுப்பக்கத்தில் ஒரு கேள்வி. நீங்கள் எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததுண்டா, அல்லது எந்த வகையிலாவது அதோடு தொடர்பு வைத்திருந்ததுண்டா? கொஞ்சம் தள்ளி, இனப்படுகொலை செய்ததுண்டா, சித்திரவதை செய்ததுண்டா என்ற கேள்விகள். யாரோடு ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

காலையில் மகளிடம் கேட்டேன்.

"அதனாலதாம்பா இழுத்துக்கிட்டே இருக்கேன். காலேஜ்ல முதல் வருஷம் மாணவர் சங்கத்துல சந்தா கட்டினேன்ல, ஒரு ரூபாய்? அது கட்சியா, தொடர்பா, ஒண்ணும் இல்லையா?" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களே ஒரு தொடர்புதானேப்பா" என்றாள்.

இந்தக் கேள்வியின் வேர் கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்து 1950இல் வந்த மெக்காரன் சட்டத்திலும் 1952இன் குடியேற்றச் சட்டத்திலும் இருக்கிறது. சோவியத் யூனியன் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. ரஷ்யாவைப் பார்த்து வந்த பயம் என்றுதான் நாமும் வாயில் கூட்டங்களில் பேசி வந்தோம். அப்படியானால் பயம் ஏன் இன்னும் பாக்கியிருக்கிறது? ஒரு வாரம் சுற்றப் போகிறேன். பார்ப்போம்.

இன்று நகர ரயிலின் நீலத் தடத்தில் கடைசி நிலையமான ஃபாரஸ்ட் பார்க் வரை போய் இறங்கினேன். ஃபாரஸ்ட் ஹோம் கல்லறைத் தோட்டம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். பழைய பெயர் வால்ட்ஹைம். அக்டோபர் மாதம், மரமெல்லாம் சிவப்பு. எனக்காகவே ஏற்பாடு செய்ததுபோல இருந்தது.

ஹேமார்க்கெட் தியாகிகள் நினைவுச் சின்னத்தைப் படத்தில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. மே தினத் துண்டறிக்கையில் நானே அச்சடித்திருக்கிறேன். நேரில் நின்றபோதுதான் அந்தப் பெண் சிலையின் நடை கண்ணில் பட்டது. துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி இல்லை. முக்காடிட்டு, விழுந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் ஒரு கையால் மலர் வளையம் வைத்துக்கொண்டே எதிரே யாரையோ நோக்கி நடக்கிறாள். அடியில் ஆகஸ்ட் ஸ்பைஸ் தூக்குமேடையில் சொன்னது பொறித்திருக்கிறது: நீங்கள் இன்று நெரிக்கும் குரல்களைவிட எங்கள் மௌனம் வலிமையாகும் நாள் வரும்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். 1886 மே 1இல் எட்டு மணி நேர வேலைக்காக நாடு முழுக்க வேலைநிறுத்தம். 3ஆம் தேதி மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டது. 4ஆம் தேதி ஹேமார்க்கெட்டில் கண்டனக் கூட்டம். மேயரே வந்து பார்த்துவிட்டு, அமைதியாகத்தான் நடக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு போலீஸ் படை நுழைந்தது, யாரோ குண்டு வீசினார்கள். வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் எட்டுப் பேருக்குத் தண்டனை. ஸ்பைஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கல் நால்வரும் 1887 நவம்பர் 11இல் தூக்கிலேறினார்கள். லிங் அதற்கு முந்தைய நாள் சிறையிலேயே இறந்தார். மிஞ்சிய மூவரை 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுவித்தார். விசாரணையே அநியாயம் என்று அரசாணையிலேயே எழுதினார்.

நம் மேடைகளில் இவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்றே சொல்லிவிடுகிறோம். அவர்கள் அராஜகவாதிகள். அரசே வேண்டாம் என்றவர்கள். தியாகம் பொதுச்சொத்து, பரவாயில்லை. ஆனால் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

சின்னத்தைச் சுற்றி ஒரு பெரிய மாநாடே படுத்திருக்கிறது. அராஜகவாதப் பேச்சாளர் எம்மா கோல்ட்மன் இங்கே. லூசி பார்சன்ஸ் இங்கே. கணவனைத் தூக்கில் கொடுத்துவிட்டு, அரை நூற்றாண்டு தெருத்தெருவாகப் பேசி, 1942இல் வீடு தீப்பிடித்து இறந்தவர். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் வில்லியம் ஃபாஸ்டரின் சாம்பல் இங்கே. அதே கட்சியின் இன்னொரு தலைவர் எலிசபெத் கர்லி ஃப்ளின் 1964இல் மாஸ்கோவில் இறந்தார். செஞ்சதுக்கத்தில் அரசு மரியாதை நடந்தது. ஆனால் சாம்பல் அவர் விருப்பப்படி இங்கேதான் வந்து சேர்ந்தது. சுரங்கத் தொழிலாளர் தலைவர் பில் ஹேவுட்டின் சாம்பலில் பாதி கிரெம்ளின் சுவரில், பாதி இங்கே.

ஒரு மணி நேரம் இருந்தேன். வேறு யாரும் வரவில்லை. அமெரிக்கா பெற்ற மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றிக் கொண்டாடினார். பெற்ற ஊரில் அன்றைக்கு விடுமுறைகூடக் கிடையாது. 1958இல் ஜனாதிபதி ஐசனோவர் மே 1ஐச் சட்ட நாள் என்று அறிவித்தார். போராட்ட நாளுக்குச் சட்ட நாள் என்று பெயர்! நம்மூர் அதிகாரிகளுக்கே இந்த யோசனை வந்ததில்லை.

இரண்டாம் நாள்

ஹேமார்க்கெட் சதுக்கம். சதுக்கம் என்று இப்போது ஒன்றுமில்லை, டெஸ்ப்ளெயின்ஸ் தெருவில் ஒரு நடைபாதை, அதில் 2004இல் வைத்த சிற்பம். பேச்சாளர்கள் ஏறி நின்ற சரக்கு வண்டியின் வடிவம். பீடத்தில் பல நாட்டுச் சங்கங்கள் கொண்டுவந்து பதித்த தகடுகள்.

2004 வரை இங்கே தொழிலாளிக்குச் சிலை இல்லை. போலீஸ்காரருக்கு இருந்தது, 1889இலிருந்து. அந்தச் சிலையின் வரலாறு தனிக் கூத்து. 1927 மே 4 அன்று ஒரு டிராம் தடம் புரண்டு அதன்மேல் மோதியது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் போலீஸைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்று டிராம் ஓட்டுநர் சொன்னதாகக் கதை. 1969இலும் 1970இலும் தீவிர இளைஞர்கள் குண்டு வைத்தார்கள். இப்போது அது போலீஸ் தலைமையகத்தில் பத்திரமாக இருக்கிறது. சிலைக்கே பாதுகாப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள், புல்மன்

ரயில் பெட்டிக்காரன் பார்க்க வேண்டிய ஊர் இது. தெற்கே 111ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் மணிக்கூண்டு தெரிகிறது. ஜார்ஜ் புல்மன் தூங்கும் வசதிப் பெட்டிகள் செய்த தொழிற்சாலை, அதைச் சுற்றி அவர் 1880களில் கட்டிய ஊர். இப்போது தேசியப் பூங்காத் துறையின் கையில். சீருடை அணிந்த ஒரு பெண் அலுவலர் அருமையாக விளக்கினார். நான் பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்றதும், ரிவெட் அடிப்பதைப் பற்றி என்னிடமே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நானும் ரயில்வே காலனியில் வாழ்ந்தவன். செங்கல் வீடுகளின் வரிசையைப் பார்த்தவுடன் கால் தானாக நடந்தது. ஃபோர்மேனுக்கு ஒரு அளவு வீடு, சாதாரணத் தொழிலாளிக்கு ஒரு அளவு. பொன்மலையிலும் அதே கணக்குதான். ஆனால் இங்கே வீடு, கடை, நூலகம், தேவாலயம் எல்லாம் முதலாளி சொத்து. தேவாலயத்துக்கும் வாடகை. கொடுக்க ஆளில்லாமல் அது வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தது. ஊரில் ஒரே மதுக்கூடம், அது ஃப்ளாரன்ஸ் விடுதியில், விருந்தினருக்கு மட்டும். புல்மன் வீட்டில் பிறந்து, புல்மன் கடையில் தின்று, புல்மன் பள்ளியில் படித்து, செத்தால் புல்மன் நரகத்துக்குத்தான் போவோம் என்று தொழிலாளிகள் சொல்லிக்கொள்வார்களாம்.

1893இல் பொருளாதாரம் படுத்தது. கூலியைக் கால் பங்குக்கு மேல் வெட்டினார்கள். வீட்டு வாடகை ஒரு சென்ட் குறையவில்லை. வாடகை பிடித்தம் போக 2 சென்ட்டுக்குக் காசோலை வாங்கிய ஒருவர், அதை மாற்றாமல் ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்தார். 1894 மே மாதம் வேலைநிறுத்தம். யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே யூனியன், புல்மன் பெட்டி மாட்டிய எந்த வண்டியையும் இழுக்க மாட்டோம் என்றது. வண்டிகள் நின்றன. அரசு என்ன செய்தது? தபால் போகவில்லை என்று சொல்லி நீதிமன்றத் தடை, பின்னாலேயே ராணுவம். ஜூன் 26இல் புறக்கணிப்பு தொடங்கியது. 28இல் ஜனாதிபதி கிளீவ்லண்ட் செப்டம்பர் மாதத்துத் தொழிலாளர் தின விடுமுறைக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த சில நாளில் அதே கை படையை அனுப்பியது.

டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. ஜனநாயகக் கட்சிக்காரராக உள்ளே போனவர், மார்க்ஸைப் படித்துவிட்டு வெளியே வந்தார். பின்னால் முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்குப் பத்து வருடத் தண்டனை. 1920இல் அட்லாண்டா சிறையிலிருந்தே ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றார். 9 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. இந்த நாட்டில் சோஷலிசம் மண்ணுக்கு ஒட்டாத பயிர் என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே யூனியன் கறுப்பினத் தொழிலாளரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. டெப்ஸ் எதிர்த்தார், 1894 மாநாட்டில் சொற்ப வாக்கில் தோற்றார். தோழர்கள் வண்டியை நிறுத்தியபோது, வெளியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? பெட்டிகளில் படுக்கை விரித்தவர்கள் எல்லாம் கறுப்பினத்தவர். பயணிகள் அத்தனை பேரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். முதலாளி பெயர் ஜார்ஜ் அல்லவா, அடிமைக்கு எஜமான் பெயர். அவர்கள் 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தனிச் சங்கம் கட்டி, 1937இல் ஒப்பந்தம் வாங்கினார்கள். பக்கத்திலேயே அவர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. சாதி பார்த்துச் சங்கம் கட்டினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

புல்மன் 1897இல் செத்தார். தொழிலாளிகள் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று குடும்பம் பயந்து, குழியில் கான்கிரீட் கொட்டி, குறுக்கே தண்டவாளம் போட்டு மூடியது. தண்டவாளத்துக்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது இத்தனை வருட சர்வீஸில் எனக்குத் தெரியாது.

நான்காம் நாள்

மழை. மதியம் விட்டதும் மாப்பிள்ளை மேற்கு மன்ரோ தெருவுக்குக் கூட்டிப் போனார். 2337ஆம் எண். பழைய கட்டிடம் இப்போது இல்லை. 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் கறுப்பின உரிமைக்குப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் ஃப்ரெட் ஹாம்ப்டனைப் போலீஸ் இங்கேதான் சுட்டுக் கொன்றது. கூடவே மார்க் கிளார்க்கையும். ஹாம்ப்டனுக்கு வயது 21. போலீஸ் தரப்பில் 90க்கு மேல் தோட்டா, எதிர்த்தரப்பில் ஒன்று. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தவர் எஃப்.பி.ஐ. கட்சிக்குள் வைத்திருந்த உளவாளி. 1982இல் அரசுத் தரப்பு 18.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

அந்த 21 வயதுப் பிள்ளை செய்த குற்றம் என்ன? புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்களையும், அப்பலாச்சிய மலையிலிருந்து வந்த ஏழை வெள்ளையரையும், கறுப்பினத்தவரையும் ஒரே கூட்டணியாகச் சேர்த்தது. 1894இல் டெப்ஸால் முடியாததை இவன் செய்யத் தொடங்கினான். துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சுட்டார்கள் என்பார்கள். எனக்கென்னவோ இந்தக் கூட்டணிக்காகச் சுட்டார்கள் என்றுதான் படுகிறது.

மாப்பிள்ளை வண்டியில் திரும்பும்போது, "மாமா, இதெல்லாம் போன்ல போட வேணாமே, கொஞ்ச நாள்" என்றார். விண்ணப்பம் போடுகிற வீடு. அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் யார் பெயரும் இதில் இல்லை.

ஐந்தாம் நாள்

டியர்பார்னுக்கு ரயில். பயணத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. வழியில் ஒரு சரக்கு வண்டி, நூறு பெட்டிக்கு மேல் எண்ணி விட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் நண்பர் வீட்டில் சாம்பார் சாதம், அப்பளம்.

ஆறாம் நாள், டெட்ராய்ட்

காலையில் டெட்ராய்ட் கலைக்கூடம். டியேகோ ரிவேரா 1932, 33இல் வரைந்த 27 சுவரோவியங்கள் ஒரே கூடத்தில். வடக்குச் சுவரில் ஃபோர்டின் ரூஜ் ஆலையில் எஞ்சின் செய்யும் வேலை, தெற்குச் சுவரில் கார் உடல் கட்டும் வேலை. நான் கலை விமர்சகன் இல்லை. ஆனால் பாரம் இழுக்கும்போது முதுகு எப்படி வளையும் என்று தெரிந்தவன். இவர் வரைந்த முதுகுகளில் பொய் இல்லை. தெற்குச் சுவரில் ஒரு பெரிய ஸ்டாம்பிங் பிரஸ், மெக்சிகோவின் பழைய தெய்வம்போல நிமிர்ந்து நிற்கிறது. எங்கள் பட்டறையிலும் ஒரு பிரஸ்ஸுக்கு ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழம் வைப்போம். நாத்திகனான நானும்தான் வைத்திருக்கிறேன், விரல் முக்கியமாச்சே.

ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல். மூலையில் அவர் முகமும் இருக்கிறது. ரிவேரா ஊருக்கு வந்தது 1932 ஏப்ரலில். அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது எந்தச் சுவரிலும் இல்லை.

அதைப் பார்க்கத்தான் மதியம் உட்மியர் கல்லறைத் தோட்டம் போனோம். 1932 மார்ச் 7, எலும்பு நடுங்கும் குளிர். வேலையிழந்த ஆயிரக்கணக்கானவர்கள் கம்யூனிஸ்டுகள் தலைமையில் டெட்ராய்ட்டிலிருந்து ரூஜ் ஆலை வாசலுக்கு நடந்தார்கள். கேட்டது என்ன? வேலை கொடு, வேலை வேகத்தைக் குறை, ஃபோர்டு மருத்துவமனையில் வைத்தியம் பார், குளிர்காலத்துக்குக் கரி கொடு, கறுப்பினத்தவரிடம் பாரபட்சம் காட்டாதே. நகர எல்லையில் கண்ணீர்ப்புகை, வாசலில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள், பிறகு துப்பாக்கி. நான்கு பேர் அங்கேயே போனார்கள். ஜோ புசெல் என்ற பையனுக்கு 16 வயது. ஐந்தாமவர் கர்ட்டிஸ் வில்லியம்ஸ் சில மாதம் கழித்து இறந்தார். கறுப்பினத்தவர் என்பதால் இந்தத் தோட்டத்தில் அவருக்கு இடம் மறுத்தார்கள். தோழர்கள் சாம்பலை விமானத்தில் கொண்டுபோய்த் தூவினார்கள். சுட்டவர்களில் ஒருவர்மேலும் வழக்கு இல்லை.

ஐந்து பேருக்கும் இப்போது பிற்காலச் சங்கத்தார் வைத்த கல் இருக்கிறது, வில்லியம்ஸுக்கும் சேர்த்து. பொன்மலையிலும் ஐந்துதான். 1946 செப்டம்பர் 5, சங்கத்திடலில் போலீஸ் சுட்டு இறந்த தொழிலாளிகள். வருடா வருடம் மாலை போட்ட கை, இங்கே மாலை கொண்டுவரவில்லையே என்று தவித்தது. கீழே கிடந்த சிவப்பு மேப்பிள் இலைகளைப் பொறுக்கி வைத்தேன். நண்பர் ஏதும் பேசாமல் அவரும் நாலு பொறுக்கிக்கொண்டு வந்தார்.

1935இல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வேலையின்மைக் காப்பீடும் பெரிய மனிதர் ஒருவரின் கருணை என்றுதான் இங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். 1930இலிருந்து தெருவில் அதைக் கேட்டு அடிபட்டவர்களைப் பற்றி எத்தனை வரி இருக்கும் என்று நண்பரின் மகளிடம் கேட்டேன். பதினொன்றாம் வகுப்பு. அந்த மார்ச் 7 ஊர்வலத்தை ஹங்கர் மார்ச் என்பார்கள், அந்தப் பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை. ஆலையிலிருந்து அவள் வீடு பதினைந்து நிமிடம்.

ஏழாம் நாள், ஃபிளின்ட்

நண்பரின் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் அவர் டெட்ராய்ட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த நகரம், 2020இல் ஆறரை லட்சம்கூட இல்லை.

ஃபிளின்ட்டில் உள்ளிருப்புப் போராட்டத்துக்கு ஒரு நினைவுப் பூங்கா உண்டு. 1936 டிசம்பர் 30இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி ஆலைகளில் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தார்கள். வெளியே நின்றால் கருங்காலியைக் கொண்டு ஆலையை ஓட்டிவிடுவான், உள்ளே உட்கார்ந்தால் என்ன செய்வான்? 44 நாள். கார் இருக்கைகளில் தூக்கம், வெளியிலிருந்து சமையல். வெளியேறு என்று தடை கொடுத்த நீதிபதியிடம் அதே கம்பெனியின் 3,365 பங்குகள் இருந்தது தெரியவந்து ஊரே சிரித்தது. போலீஸ் தாக்கியபோது கதவுக் கீல்களை மேலிருந்து எறிந்து, தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டார்கள். புகைக்குண்டில் உள்ளே ஆட்கள் மூச்சுத் திணறியபோது, பெண்கள் படை வெளியிலிருந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் காற்று விட்டது. 1937 பிப்ரவரி 11இல் கம்பெனி சங்கத்தை அங்கீகரித்தது. வாகனத் தொழிலாளர் சங்கம் ஒரே வருடத்தில் 30,000 பேரிலிருந்து 5 லட்சமாக வளர்ந்தது.

இதைக் கட்டியவர்களில் கம்யூனிஸ்டுகள் நிறைய. பத்து வருடத்தில், 1947இல், டாஃப்ட் ஹார்ட்லி சட்டம் வந்தது. நான் கம்யூனிஸ்ட் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சங்க நிர்வாகி. மகள் விண்ணப்பத்தில் பார்த்த கேள்விக்குத் தாத்தா இங்கேதான் இருக்கிறார். 1949, 50இல் சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு, கம்யூனிஸ்ட் பிடியில் இருப்பதாகச் சொல்லி 11 சங்கங்களை மொத்தமாக வெளியேற்றியது. முதல் வரிசைக்காரர்கள் போனார்கள். மீதியிருந்த சங்கம் 1950இல் ஜெனரல் மோட்டார்ஸோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விலைவாசிப் படி, எல்லாம் நல்ல ஒப்பந்தம். நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் எல்லாருக்குமான வைத்தியத்தை நாட்டிடம் கேட்க வேண்டியவர்கள், தங்கள் உறுப்பினருக்கு மட்டும் கம்பெனியிடம் வாங்கிக்கொண்டார்கள். ஆலை போனபோது வைத்தியமும் சேர்ந்து போனது. என் மகளுக்கும் இன்று அதேதான். வேலை இருந்தால் காப்பீடு.

1960இல் 2 லட்சத்தை நெருங்கிய ஃபிளின்ட், 2020இல் 81,000. இந்த ஊரின் தண்ணீர்க் கதை தெரிந்திருக்கும். 2014 ஏப்ரலில், மாநில அரசு நியமித்த நிர்வாகியின் கீழ், செலவை மிச்சப்படுத்த ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாற்றினார்கள். ஈயம் கலந்த தண்ணீர் வீடுகளுக்குப் போனது. அந்த அக்டோபரிலேயே, எஞ்சின் பாகங்கள் அரிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை பழைய ஏரித் தண்ணீருக்கு மாறிக்கொண்டது. குழந்தைகளுக்கு மாற்ற இன்னும் ஒரு வருடம் ஆனது. இதற்கு மேல் நான் என்ன வகுப்பெடுக்க?

எட்டாம் நாள், திரும்பி சிகாகோ

ரயிலில் ஒரு விஷயம் குடைந்துகொண்டே வந்தது. எழுதாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன். 1949இல் நியூயார்க்கில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேரை, அரசைக் கவிழ்க்கப் போதிப்பதைக் குற்றமாக்கிய ஸ்மித் சட்டத்தின்கீழ் தண்டித்தார்கள். குண்டு வைத்ததற்கு இல்லை, ஒரு கொள்கையைப் போதித்ததற்கு. சரி, அநியாயம். ஆனால் அதே சட்டத்தை 1941இல் ஸ்டாலினை எதிர்த்த மினியாபொலிஸ் ட்ராட்ஸ்கியவாதிகள்மேல் பாய்ச்சியபோது நம் கட்சி கை தட்டியது. எட்டு வருடத்தில் கயிறு தன் கழுத்துக்கு வந்தது. போர்க்காலத்தில் வேலைநிறுத்தமே கூடாது என்றதும் நாம்தான். 1956இல் ஸ்டாலின் காலக் கொடுமைகளைக் குருஷேவே ஒப்புக்கொண்ட பிறகு உறுப்பினர்கள் கொத்துக் கொத்தாகப் போனதற்கு எஃப்.பி.ஐ. மட்டும் காரணமில்லை. கல்லறையில் இலை வைத்துவிட்டு இதை மறைக்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் விண்ணப்பம் அதே மேசையில். மகள் வழக்கறிஞரிடம் பேசிவிட்டாளாம். எதையும் மறைக்காதே, உள்ளதை உள்ளபடி எழுது என்றாராம். கூடுதல் விவரம் எழுதக் கடைசியில் ஒரு பக்கம் இருக்கிறது.

"எந்த வருஷம்பா? ரெண்டாயிரத்து மூணா, நாலா?"

எனக்கும் நினைவில்லை. இங்கே இரவு 8, திருச்சியில் விடிந்திருக்கும். வீட்டுக்குப் போன் போட்டோம். மனைவி பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, மார்க் ஷீட், டி.சி., பஸ் பாஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்து, கடைசியில் அந்த ரசீதைக் கண்டுபிடித்தாள். 2004, ஆகஸ்ட். ஒரு ரூபாய். மகள் 'ஆம்' கட்டத்தில் குறியிட்டு, கூடுதல் பக்கத்தில் வருடத்தையும் தொகையையும் எழுத ஆரம்பித்தாள்.

போனில் இன்னும் மனைவி இருந்தாள்.

"ஏங்க, இதை அங்க அனுப்பணுமா, இல்ல கிழிச்சுப் போட்டுடவா?"